நாய், பூனைக்கு வயிறு கெட்டால் என்ன செய்வது? கடலூர், புதுச்சேரிக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

எங்கள் செவலைக்கு இப்போது மூன்று வயது, 14 கிலோ. கம்மியம்பேட்டை பக்கம் சாலையோரம் கிடந்த நாட்டு நாய்க்குட்டி. தூக்கி வந்த அன்று இரண்டு கிலோகூட இல்லை. பசியில் கத்துகிறதே என்று கிண்ணம் நிறையப் பால் ஊற்றினோம், பிஸ்கட் ஊறவைத்துக் கொடுத்தோம். மறுநாளே பேதி. மூன்றாம் நாள் மருந்துக் கடையில் சொல்லி, மனிதர்களுக்கான பேதி மாத்திரையில் பாதியைப் பொடித்துக் கொடுத்தோம். நின்ற மாதிரி இருந்தது. ஐந்தாம் நாள் ராத்திரி ரத்தமாகப் போனது.

அதன்பிறகு பதினொரு நாள் அலைந்தோம். மூன்று டாக்டர்கள், தினமும் குளுக்கோஸ், மொத்தம் 9,400 ரூபாய். முதலில் போன இடத்தில் மலத்தைப் பற்றி யாரும் கேட்கவே இல்லை, இரண்டு ஊசி போட்டு அனுப்பிவிட்டார்கள். மூன்றாவதாகப் பார்த்த டாக்டர்தான், குட்டியைத் தொடுவதற்கு முன்பே, "மலம் கொண்டு வந்தீங்களாம்மா?" என்று கேட்டார். கொண்டு போகவில்லை. அங்கேயே எடுத்துப் பார்த்ததில் கொக்கிப்புழு. முதல் நாளே பார்த்திருந்தால் 150 ரூபாய்ப் பரிசோதனையில் முடிந்திருக்கும்.

நான் டாக்டர் இல்லை. மூன்று வருடத்தில் டாக்டர்களிடம் கேட்டதும், செய்து பார்த்ததும், தவறாகச் செய்து திருத்திக்கொண்டதும்தான் இங்கே இருக்கிறது. புதிதாக நாயோ பூனையோ வளர்க்க ஆரம்பிப்பவர்கள் ஒன்றை மனதில் வையுங்கள்: பேதியை நிறுத்துவது இரண்டாவது வேலை. எதனால் வந்தது என்று கண்டுபிடிப்பதுதான் முதல் வேலை.

1. முதல் நாளே ஒரு நோட்டுப் போடுங்கள்

பத்து ரூபாய்க்குக் கிடைக்கும் நோட்டுப் புத்தகம் போதும். தேதி, எடை, என்ன சாப்பிட்டது, எத்தனை முறை மலம் போனது, எப்படி இருந்தது, என்ன மருந்து கொடுத்தோம். தினமும் இரண்டு வரி. செல்போனில் குறித்து வைக்கலாமே என்பீர்கள். எங்கள் வீட்டில் மூன்று பேர் சோறு வைக்கிறோம், என் போனை மற்ற இருவரும் எடுக்க மாட்டார்கள். நோட்டு ஃபிரிட்ஜ் மேல் கிடந்தால் எல்லோரும் எழுதுவார்கள்.

எடை பார்க்கக் கடைக்குப் போக வேண்டாம். வீட்டுத் தராசில் முதலில் நீங்கள் மட்டும் ஏறுங்கள், பிறகு குட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறுங்கள், கழித்துக்கொள்ளுங்கள். குட்டிக்கு வாரம் ஒருமுறை, வளர்ந்த நாய்க்கு மாதம் ஒருமுறை. புழு மருந்திலிருந்து சோற்று அளவு வரை எல்லாமே எடையை வைத்துத்தான்.

2. மலத்தைப் பார்க்கப் பழகுங்கள்

அருவருப்பாக இருக்கும், ஒரு வாரத்தில் பழகிவிடும். டாக்டர் கேட்கும் கேள்விகளில் பாதிக்கு இதில்தான் பதில் இருக்கிறது.

நல்ல மலம் உருண்டு நீளமாக இருக்கும். எடுத்தால் தரையில் ஒட்டாது, கையில் அழுத்தினால் கொஞ்சம் அமுங்கும். உதிர்ந்து கோலிக்குண்டு மாதிரி விழுந்தால் தண்ணீர் போதவில்லை, அல்லது எலும்பு அதிகம். மாவு மாதிரிக் குழைந்து, எடுத்த பிறகு தரையில் கறை நின்றால் பேதிக்கு முந்தைய நிலை. தண்ணீராகப் போனால் சொல்லவே வேண்டாம்.

உருவத்துக்கு அடுத்து நிறம். தார் மாதிரிக் கறுப்பாக, பிசுபிசுப்பாக இருந்தால் இரைப்பையிலோ சிறுகுடலிலோ ரத்தம் கசிந்திருக்கலாம். முந்தின நாள் ஈரலோ ரத்தமோ தின்றிருந்தாலும் கறுக்கும், அதனால் நோட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள். சிவப்பு ரத்தம் மேலே பூசினாற்போல் வந்தால் அது பெரும்பாலும் பெருங்குடல்.

எத்தனை முறை போகிறது, எவ்வளவு போகிறது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். கொஞ்சம் கொஞ்சமாகப் பத்து முறை, முக்கி முக்கி, சளியோடு போவது ஒரு வகை. நாளைக்கு மூன்று நான்கு முறைதான், ஆனால் ஒவ்வொரு முறையும் வாளி கொட்டினாற்போல் போய் உடம்பு இளைப்பது வேறு வகை. முதலாவதில் கோளாறு பெருங்குடலில், இரண்டாவதில் சிறுகுடலில். இதை நீங்கள் சொல்லிவிட்டால் டாக்டருக்குப் பாதி வேலை குறையும்.

ஆசனவாயைச் சுற்றி வெள்ளையாக அரிசி மாதிரி ஒட்டியிருந்தால் அது நாடாப்புழுவின் துண்டு. நாயின் உடம்பில் இருக்கும் தெள்ளுப்பூச்சியை விழுங்குவதால் வருவது. புழு மருந்து மட்டும் கொடுத்துத் தெள்ளை விட்டுவிட்டால் அடுத்த மாதமே திரும்ப வரும்.

3. காத்திருக்கக் கூடாத நேரம்

வளர்ந்த நாய், துள்ளிக்கொண்டு இருக்கிறது, தண்ணீர் குடிக்கிறது, இரண்டு முறை இளகிப் போனது என்றால் ஒரு நாள் பார்க்கலாம். கீழே உள்ளதில் ஒன்று இருந்தாலும் பார்க்கக் கூடாது, கிளம்ப வேண்டும்.

ஆறு மாதத்துக்கு உட்பட்ட, தடுப்பூசி முழுதாகப் போடாத குட்டிக்கு வாந்தியும் பேதியும் சேர்ந்து வந்தால் பார்வோ (குடலைத் தாக்கும் வைரஸ் நோய்) என்றே நினைத்துக்கொள்ளுங்கள். ரத்தத்தோடு தாங்க முடியாத வீச்சம் இருக்கும். சில நேரம் ரத்தம் மறுநாள்தான் தெரியும், அதற்காகக் காத்திருக்காதீர்கள். பார்வோ வைரஸைக் கொல்ல மருந்து கிடையாது. நீர்ச்சத்தை ஏற்றி, வாந்தியை அடக்கி, குட்டி தானே மீளும் வரை தாங்கிப் பிடிப்பதுதான் சிகிச்சை. ஆகவே எவ்வளவு சீக்கிரம் போகிறீர்களோ அவ்வளவு நல்லது.

வயிறு உப்பி, வாந்தி எடுக்க முயன்று எதுவும் வராமல் தவிக்கிறதா? கிரேட் டேன், ஜெர்மன் ஷெப்பர்டு மாதிரி நெஞ்சு ஆழமான பெரிய நாய்களுக்கு இரைப்பை உப்பித் திருகிக்கொள்ளும். சில மணி நேரத்தில் உயிர் போகும். ராத்திரி இரண்டு மணியானாலும் அறுவை சிகிச்சை செய்யும் இடத்துக்கு ஓடுங்கள்.

நீர்ச்சத்து போய்விட்டதா என்று வீட்டிலேயே பார்க்கலாம். உதட்டைத் தூக்கி ஈறை விரலால் அழுத்தி எடுங்கள். வெளுத்த இடம் இரண்டு நொடிக்குள் மறுபடி சிவக்க வேண்டும். ஈறு ஈரமாக வழுக்க வேண்டும். ஒட்டினால் நீர் குறைவு. ஈறே வெளுத்துக் காகிதம் மாதிரி இருந்தால் ரத்தம் குறைவு. செவலைக்கு அன்று ஈறு வெள்ளையாகத்தான் இருந்தது. உதட்டைத் தூக்கிப் பார்க்க வேண்டும் என்று எங்களுக்குத் தெரிந்திருக்கவில்லை.

நாய்க்கு இயல்பான சூடு 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். மூக்கைத் தொட்டுக் காய்ச்சல் பார்ப்பதில் பயன் இல்லை. 103.5-க்கு மேல் போனாலோ 99-க்குக் கீழ் இறங்கினாலோ டாக்டர்.

இன்னொன்று. வாந்தி, சாப்பாட்டில் விருப்பமின்மை, சோர்வு, கூடவே காது மடலில் உண்ணி. இது வயிற்றுக் கோளாறாக இல்லாமல் உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். நம் ஊரில் வருடம் முழுக்க உண்டு. ரத்தப் பரிசோதனையில் தட்டணுக்கள் குறைந்திருக்கும். வயிற்றுக்கு மருந்து கொடுத்துக்கொண்டே ஒரு வாரத்தைத் தொலைத்த வீடுகளை எனக்குத் தெரியும்.

4. டாக்டரிடம் கொண்டு போக வேண்டியவை

இந்தப் பையை முன்கூட்டியே தயார் செய்து வையுங்கள். அவசரத்தில் எதுவும் கைக்கு வராது.

தடுப்பூசிப் புத்தகம். தெருவில் எடுத்த குட்டிக்கு இது இருக்காது. முதல் ஊசி போடும்போதே கேட்டு வாங்கி, ஊசிக் குப்பியில் இருக்கும் ஸ்டிக்கரை ஒட்டி, தேதியும் கையெழுத்தும் முத்திரையும் வாங்கிவிடுங்கள். ஸ்டிக்கர் இல்லாமல் "போட்டாச்சு" என்று மட்டும் எழுதியிருந்தால் அடுத்த டாக்டருக்கு அது உதவாது.

நோட்டு. முன்பு கொடுத்த மாத்திரைகளின் அட்டை, மனிதர்களுக்கான மாத்திரை கொடுத்திருந்தால் அதுவும். மறைக்காதீர்கள். நாங்கள் மருந்துக் கடை மாத்திரையைச் சொல்லக் கூச்சப்பட்டதால் முதல் டாக்டர் வேறு கணக்குப் போட்டார்.

மலம். அன்று காலையில் போனது, சுண்டைக்காய் அளவு போதாது, ஒரு நெல்லிக்காய் அளவு வேண்டும். மருந்துக் கடையில் திருகு மூடி போட்ட டப்பா 10 ரூபாய்க்குக் கிடைக்கும். மண் படாத மேல்பகுதியிலிருந்து எடுங்கள். இரண்டு மணி நேரத்துக்குள் கொடுக்க முடியாவிட்டால் இரண்டு கவரில் சுற்றி ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைக்கலாம், உறையவிடக் கூடாது. ஒருமுறை பார்த்துப் புழு தெரியவில்லை என்றால் புழு இல்லை என்று அர்த்தம் இல்லை. சில புழுக்கள் தினமும் முட்டை போடுவதில்லை. மூன்று நாள் மலம் எடுத்துவரச் சொன்னால் சலித்துக்கொள்ளாமல் எடுத்துப் போங்கள்.

வாந்தியையும் மலத்தையும் போனில் படம் எடுத்து வையுங்கள். முக்குவது, இருமுவது, வாந்தி எடுப்பது மூன்றும் வீட்டார் சொல்லும்போது ஒன்றுபோலத் தோன்றும், வீடியோவில் டாக்டருக்கு வித்தியாசம் தெரிந்துவிடும்.

5. எங்கே போவது, என்ன செலவு

கடலூரில் அரசு கால்நடை மருத்துவமனை இருக்கிறது. செலவு மிகக் குறைவு. காலையில் கதவு திறக்கும்போதே போய் நில்லுங்கள், பத்து மணிக்கு மேல் ஆடு மாடுகளும் சேர்ந்து கூட்டம் ஆகிவிடும். பார்வோ சந்தேகம் இருந்தால் உங்கள் குட்டியை வரிசையில் தரையில் விடாதீர்கள், மற்றக் குட்டிகளுக்கு ஒட்டிக்கொள்ளும். வண்டியிலேயே வைத்துக்கொண்டு ஒருவர் மட்டும் உள்ளே போய்ச் சொல்லுங்கள்.

தமிழ்நாட்டில் 1962 என்ற எண்ணுக்கு அழைத்தால் கால்நடை ஆம்புலன்ஸ் வரும். அது முக்கியமாக ஆடு மாடுகளுக்கானது. நாய்க்கும் கேட்டுப் பார்க்கலாம், ஆனால் அதை நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம்.

ஸ்கேன், எக்ஸ்ரே, அறுவை சிகிச்சை என்று போனால் புதுச்சேரி குரும்பாபேட்டில் உள்ள ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனம். கல்லூரி மருத்துவமனை என்பதால் துறைவாரியாகப் பார்ப்பார்கள், மாணவர்கள் சுற்றி நின்று நிறையக் கேள்வி கேட்பார்கள், பொறுமையாகப் பதில் சொல்லுங்கள். மற்ற இடங்களில் யாரும் கேட்காத கேள்வியை அங்கே ஒரு மாணவி எங்களிடம் கேட்டாள்: "வீட்டுல குழந்தைங்க வெறுங்காலோட மண்ணுல விளையாடுதா?" நாயின் கொக்கிப்புழு மண்ணிலிருந்து மனிதத் தோலுக்குள்ளும் புகும் என்பது அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது.

கடலூரிலிருந்து போகிறவர்கள் காலை ஏழு மணிக்கே கிளம்புங்கள். தவளக்குப்பம், அரியாங்குப்பம் தாண்டி மரப்பாலத்தில் எட்டரைக்கு மேல் மாட்டினால் அரை மணி நேரம் நகராது. பேருந்தில் நாயை ஏற்ற மாட்டார்கள். ஆட்டோ, கார்தான். போகும்போதே பழைய போர்வை, தண்ணீர், நாலைந்து பிளாஸ்டிக் கவர் எடுத்துக்கொண்டு, பேதி என்று ஓட்டுநரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். சொல்லாமல் ஏற்றியதால் பாதி வழியில் இறக்கிவிடப்பட்டவர் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்.

என் நோட்டில் இருக்கும் கணக்கு: தனியார் டாக்டர் பார்க்க 300 முதல் 500 ரூபாய். மலப் பரிசோதனை 150. பார்வோ கிட் பரிசோதனை 900. ரத்தப் பரிசோதனை 600. குளுக்கோஸோடு ஒரு நாள் சிகிச்சை 800 முதல் 1,200. புதுச்சேரிக்குக் கார் போக வர 1,400. உங்களுக்கு முன்னே பின்னே ஆகலாம். ஆரம்பிக்கும் முன்பே "மொத்தம் எத்தனை நாள், நாளைக்கு எவ்வளவு?" என்று கேளுங்கள். கேட்பதில் தப்பே இல்லை. நான்காம் நாள் பணம் தீர்ந்து சிகிச்சையைப் பாதியில் விடுவதுதான் தப்பு.

6. வயிறு தேறும் வரை என்ன கொடுப்பது

டாக்டர் வீட்டிலேயே பார்த்துக்கொள்ளச் சொன்ன பிறகு செய்ய வேண்டியது இது.

வளர்ந்த நாய் என்றால் வாந்தி நின்று சில மணி நேரம் வயிற்றுக்கு ஓய்வு கொடுக்கலாம், தண்ணீரை நிறுத்தக் கூடாது. குட்டியைப் பட்டினி போடவே கூடாது, சர்க்கரை இறங்கி மயங்கிவிடும். தண்ணீரைக் கிண்ணம் நிறைய வைத்தால் மடமடவென்று குடித்து அப்படியே வாந்தி எடுக்கும். கால் டம்ளர் அளவு, அரை மணிக்கு ஒருமுறை. வாயைப் பிடித்து ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும்.

சோறு: தோல், எலும்பு, கொழுப்பு நீக்கிய கோழிக்கறி ஒரு பங்கு, குழைய வேகவைத்த சோறு இரண்டு பங்கு. உப்பு, மஞ்சள், எண்ணெய், வெங்காயம், பூண்டு எதுவும் கிடையாது. கறியைத் தனியாக வேகவைத்து, நீர் ஆறிய பின் மேலே படியும் கொழுப்பை எடுத்துவிட்டு அந்த நீரைச் சோற்றில் கொஞ்சம் ஊற்றிப் பிசையுங்கள். கையால் பிசைந்தால் எலும்புத் துண்டு சிக்குகிறதா என்றும் தெரியும். வழக்கமாகத் தின்னும் அளவில் பாதி, அதை நான்கைந்து வேளையாகப் பிரித்து. பரங்கிக்காய் வேகவைத்து ஒரு ஸ்பூன் சேர்த்தால் மலம் கூடி வரும்.

இரண்டு மூன்று நாள் மட்டும்தான். நன்றாகத் தின்கிறதே என்று இதையே மாதக்கணக்கில் தொடராதீர்கள், ஏன் என்று எட்டாவதில் சொல்கிறேன். பழைய உணவுக்குத் திரும்பும்போதும், புது உணவுக்கு மாறும்போதும் ஒரு வாரம் எடுத்துக்கொள்ளுங்கள்: முதல் இரண்டு நாள் கால் பங்கு புதியது, அடுத்த இரண்டு நாள் பாதி, பிறகு முக்கால். ஒரே நாளில் மாற்றுவதால் வரும் பேதிதான் நான் பார்த்ததில் அதிகம்.

செய்யவே கூடாதவை: நம் பேதி மாத்திரை, வயிற்றுவலி மாத்திரை, வலி மாத்திரை. பாராசிட்டமால் அரை மாத்திரைகூடப் பூனையைக் கொல்லும். ஐபுபுரூஃபன் நாயின் இரைப்பையைப் புண்ணாக்கிச் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

பார்வோ வந்த வீட்டில் ஃபினாயில் போட்டுத் துடைத்தால் போதாது. தரையைச் சோப்பு போட்டுக் கழுவிய பிறகு, பிளீச் ஒரு பங்கு, தண்ணீர் முப்பது பங்கு கலந்து ஊற்றிப் பத்து நிமிடம் ஊறவிட வேண்டும். மண் தரையில் அந்த வைரஸ் மாதக்கணக்கில் இருக்கும். ஊசி போடாத வேறு குட்டியை அந்த வருடம் அந்த வீட்டுக்குக் கொண்டு வராதீர்கள். தடுப்பூசியை 6 முதல் 8 வார வயதில் ஆரம்பித்து, 2 முதல் 4 வாரத்துக்கு ஒருமுறை, 16 வாரம் முடியும் வரை போட வேண்டும். ஒரே ஊசி போட்டுவிட்டு வெளியே விடுவதுதான் நிறையப் பேர் விழும் குழி.

7. குடற்புழு மருந்து

குட்டிகள் பிறக்கும்போதே புழுவோடு பிறக்கலாம். உருண்டைப்புழு தாயின் வயிற்றிலேயே ஒட்டும், கொக்கிப்புழு தாய்ப்பாலில் வரும். அதனால் "வெளியே போனதே இல்லை, எப்படிப் புழு வரும்?" என்ற கேள்விக்கே இடமில்லை.

இரண்டு வார வயதில் தொடங்கி, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, மூன்று மாதம் வரை. பிறகு ஆறு மாதம் வரை மாதம் ஒருமுறை. அதன்பின் மூன்று மாதத்துக்கு ஒருமுறை. பைரன்டெல், ஃபெபன்டெல், பிராசிகுவான்டெல் மூன்றும் சேர்ந்த மாத்திரை பொதுவாகப் பத்துக் கிலோவுக்கு ஒன்று. அட்டையைப் படித்து, அன்றைய எடையைப் பார்த்துக் கொடுங்கள். போன முறை எடையை வைத்துக் கணக்குப் போடாதீர்கள், குட்டி ஒரு மாதத்தில் இரண்டு கிலோ ஏறியிருக்கும். வாந்தி, பேதி, காய்ச்சல் இருக்கும்போது டாக்டரைக் கேட்காமல் கொடுக்கக் கூடாது. மறுநாள் மலத்தில் புழு நெளிந்தால் பயப்பட வேண்டாம், மருந்து வேலை செய்திருக்கிறது.

8. தினசரிச் சாப்பாடு

வேளைகள்: நான்கு மாதம் வரை நாளைக்கு நான்கு, ஆறு மாதம் வரை மூன்று, அப்புறம் இரண்டு. கிண்ணத்தை இருபது நிமிடம் வையுங்கள், மிச்சம் இருந்தால் எடுத்துவிடுங்கள். நாள் முழுக்கச் சோறு வைத்திருந்தால் எப்போது பசி போனது என்றே தெரியாது, முதல் அறிகுறியைத் தவற விடுவோம்.

எவ்வளவு வேண்டும் என்பதற்கு ஒரு கணக்கு. எடையை மூன்று முறை தன்னோடு பெருக்குங்கள், வர்க்கமூலம் பொத்தானை இரண்டு முறை அழுத்துங்கள், 70-ஆல் பெருக்குங்கள். செவலைக்கு 14 x 14 x 14 = 2,744. இரண்டு முறை வர்க்கமூலம் எடுத்தால் 7.24. எழுபதால் பெருக்கினால் சுமார் 507. கருத்தடை செய்த, சாதாரணமாக ஓடியாடும் நாய்க்கு இதை 1.6-ஆல் பெருக்கினால் 811 கலோரி. பெட்டி உணவு (கடையில் பையில் அடைத்து விற்கும் நாய் உணவு) என்றால் பையின் பின்னால் கிலோவுக்கு எத்தனை கலோரி என்று இருக்கும், வகுத்துக்கொள்ளுங்கள். இது ஆரம்பப் புள்ளிதான். விலா எலும்பைத் தடவினால் கையில் தெரிய வேண்டும், கண்ணுக்குத் துருத்தக் கூடாது. அதைப் பார்த்துக் கூட்டிக் குறையுங்கள்.

வீட்டுச் சமையல் என்றால் செவலைக்கு ஒரு நாளைக்கு: வெந்த எலும்பில்லாத கோழிக்கறி 280 கிராம் (அதில் ஈரல் 15 கிராம்), சோறு 200 கிராம், பரங்கிக்காய் அல்லது கேரட் 70 கிராம், எண்ணெய் ஒரு டீஸ்பூன். இப்போதைய விலையில் எனக்கு நாளைக்கு 120 ரூபாய் ஆகிறது. சில நாள் கறியைக் குறைத்து முட்டை சேர்த்தால் 90.

இங்கேதான் பெரிய குழி இருக்கிறது. எலும்பில்லாத கறியும் சோறும் மட்டும் தின்னும் நாய்க்குச் சுண்ணாம்புச் சத்து கிடைக்காது. கறியில் பாஸ்பரஸ் நிறைய, கால்சியம் மிகக் கொஞ்சம். உடம்பு தன் எலும்பிலிருந்தே எடுத்துக்கொள்ளும். குட்டிகளுக்குக் கால் வளைந்து, சோஃபாவிலிருந்து குதித்தாலே எலும்பு முறியும். வயிறு நன்றாக இருக்கும், பளபளவென்று இருக்கும், அதனால் யாருக்கும் சந்தேகமே வராது. முட்டை ஓட்டைக் கழுவி, கொதிக்கவைத்து, காயவைத்து, மிக்ஸியில் மாவாக அரைத்து, மேலே சொன்ன அளவுக்கு அரை டீஸ்பூன் கலந்தால் கால்சியம் ஈடாகும். துத்தநாகம், வைட்டமின் டி போன்றவை அதிலும் வராது, டாக்டரிடம் கேட்டுத் தாது உப்பு மாத்திரை வாங்குங்கள். வளரும் குட்டிக்கு வீட்டுச் சமையல் மட்டும் வேண்டாம் என்பது என் கருத்து. ஒரு வயது வரை குட்டிகளுக்கான பெட்டி உணவை முக்கியமாக வையுங்கள். அதில் கால்சியம் ஏற்கெனவே இருக்கும், மேலே மாத்திரை கொடுத்தால் அதுவும் கெடுதல்தான்.

9. ஆகாத பொருட்கள், நம் வீட்டிலும் கடற்கரையிலும்

சாம்பார் சாதமும் குழம்புச் சோறும்தான் முதல் எதிரி. வெங்காயமும் பூண்டும் வெந்தாலும் நஞ்சுதான், ரத்தத்தின் சிவப்பணுக்களை உடைக்கும். வெங்காயத்தை எடுத்துவிட்டுக் குழம்பை ஊற்றுவதாலும் பயன் இல்லை, நஞ்சு சாற்றில் இறங்கியிருக்கும். திராட்சை, உலர்திராட்சை சிறுநீரகத்தைச் செயலிழக்க வைக்கும். பாயசத்திலும் கேசரியிலும் மிதப்பதை நினைத்துப் பாருங்கள். டிசம்பர் வந்தால் புதுச்சேரி வீடுகளில் பிளம் கேக்கும் சாக்லெட்டும் மேசை மேலேயே கிடக்கும். சர்க்கரை இல்லாத சூயிங்கம்மில் இருக்கும் சைலிட்டால் என்ற இனிப்பு நாய்க்கு மிக மோசம். பால் பெரும்பாலான நாய்க்குச் செரிக்காது, புளிக்காத தயிர் கொஞ்சம் தாங்கும். வெந்த எலும்பு ஊசியாகப் பிளந்து குடலைக் குத்தும். கருவாட்டில் உப்பு அதிகம்.

சில்வர் பீச்சுக்குக் கூட்டிப் போகிறவர்களுக்குத் தனியாக மூன்று விஷயம். கடல் தண்ணீரைக் குடிக்க விடாதீர்கள், அன்று ராத்திரியே வாந்தி பேதி வரும். குடிக்க வீட்டிலிருந்து பாட்டில் எடுத்துப் போங்கள். தின்று எறிந்த மக்காச்சோளக் கட்டையை நாய் விழுங்கினால் குடலில் அடைக்கும், அறுவை சிகிச்சை இல்லாமல் எடுக்க முடியாது, மாங்கொட்டையும் அப்படித்தான். வலையிலிருந்து உதறிப் போட்ட பேத்தை மீன் மணலில் கிடக்கும். அதன் நஞ்சுக்கு மாற்று மருந்து கிடையாது. தேவனாம்பட்டினம் பக்கம் வலை உதறும் இடத்தில் கயிற்றை விடவே விடாதீர்கள்.

எவ்வளவு கட்டுப்படுத்தினாலும் பாசத்தோடு கொடுப்பவர்களை என்ன செய்வது? பக்கத்து வீட்டு ஆயா சுவரின் மேலிருந்து தினமும் மீன் முள்ளும் குழம்புச் சோறும் போடுவார். "நாயிக்கு ஒண்ணும் ஆவாதும்மா, நாங்க வளக்காத நாயா" என்பார். சொல்லிப் பார்த்தேன், வருத்தப்பட்டாரே தவிர நிறுத்தவில்லை. பிறகு செவலையின் வெந்த கறியில் நாலு துண்டை ஒரு டப்பாவில் போட்டு, "ஆயா, நீங்களே வைங்க, ஆனா இந்த டப்பாவுல இருந்து வைங்க" என்று கொடுத்தேன். "அதுக்கென்னம்மா, குடு" என்று வாங்கிக்கொண்டார். இன்றும் சாயங்காலம் ஆறு மணிக்குச் செவலை சுவரடியில்தான் உட்கார்ந்திருக்கும். அந்த நாலு துண்டைத் தினசரிக் கணக்கில் கழித்துவிடுகிறேன். இப்படி வெளியே தின்பது மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது.

10. பூனைக்கு மட்டும்

முத்தியால்பேட்டையில் என் அக்கா பூனை வளர்க்கிறாள், அங்கே கற்றவை இவை. பூனை கறி தின்னும் பிராணி. தயிர் சாதத்தில் அதற்கு வேண்டிய டாரின் என்ற சத்து கிடையாது, குறைந்தால் கண்ணும் இதயமும் கெடும். நாய் உணவையும் பூனைக்குத் தொடர்ந்து வைக்கக் கூடாது. மீன் மட்டுமே கொடுப்பதும் சரியல்ல. மத்தி, நெத்திலி போன்றவற்றைப் பச்சையாகக் கொடுத்தால் அவற்றில் இருக்கும் ஒரு நொதி வைட்டமின் பி1-ஐ அழித்துவிடும். வேகவைத்தால் அந்தத் தொல்லை இல்லை.

பூனை இரண்டு நாள் சாப்பிடாவிட்டால் ஈரலில் கொழுப்பு படிய ஆரம்பிக்கும், நாய் மாதிரி விட்டுப் பார்க்க முடியாது. ஆண் பூனை மணல் தட்டில் போய்ப் போய் உட்கார்ந்து முக்கினால் மலச்சிக்கல் என்று நினைத்து எண்ணெய் கொடுப்பார்கள். பெரும்பாலும் அது சிறுநீர் அடைப்பு. ஒரு நாள் தாமதம்கூட உயிருக்கு ஆபத்து. தட்டில் மணல் நனைந்திருக்கிறதா என்று பாருங்கள், நனையவில்லை என்றால் உடனே கிளம்புங்கள்.

11. மழைக் காலத்துக்கு முன்

அக்டோபர் பிறந்தால் நமக்கு மழை, புயல், மின்வெட்டு. பெட்டி உணவைப் பெரிய பையாக வாங்காதீர்கள், ஒரு மாதத்துக்குள் தீரும் அளவு போதும். பையோடு காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள், பூஞ்சை வாசம் துளி வந்தாலும் கொட்டிவிடுங்கள், பூஞ்சை நஞ்சு ஈரலைக் கெடுக்கும். கறியை வேளை வேளையாகச் சின்னக் கவரில் கட்டி உறைய வையுங்கள். நாலு மணி நேரத்துக்கு மேல் மின்சாரம் போனால், கீழ்த்தட்டில் இருக்கும் சமைத்த உணவை நாய்க்கும் வைக்காதீர்கள்.

தேங்கிய தண்ணீரைக் குடித்தால் எலிக் காய்ச்சல் வரலாம். வாந்தி, பேதி, கண்ணும் ஈறும் மஞ்சளாவது, சிறுநீர் அடர்ந்து போவது இதன் அடையாளம். எலிச் சிறுநீர் கலந்த நீரில் பரவுவது, நாயிடமிருந்து நமக்கும் வரும், கையுறை போட்டுத்தான் சுத்தம் செய்ய வேண்டும். இதற்குத் தடுப்பூசி உண்டு. முதல்முறை என்றால் 2 முதல் 4 வார இடைவெளியில் இரண்டு ஊசி, பிறகு வருடம் ஒன்று. இரண்டாவது ஊசி செப்டம்பர் முதல் வாரத்தில் விழ வேண்டுமானால் முதல் ஊசிக்கு ஆகஸ்ட் முதல் வாரத்திலேயே டாக்டரிடம் தேதி வாங்கிவிடுங்கள்.